முப்பத்தெட்டாவது படிவம்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை ஒரு படுக்கை விரிப்பை மடித்தது.

ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. பால்கனிக் கொடியில் காய்ந்திருந்த பெரிய விரிப்பு. இரண்டு முனைகள் அவள் கையில், இரண்டு என் கையில். மடிப்பதற்கு அம்மாவிடம் ஒரு முறை உண்டு. முதலில் இருவரும் ஒரே நேரத்தில் பின்னால் சாய்ந்து இழுக்க வேண்டும். அப்போதுதான் கோணல் போகும். பிறகு நீளவாக்கில் பாதி, மறுபடி பாதி. அதன்பின் நான் நடந்து போய் என் முனைகளை அவள் கையில் கொடுக்க வேண்டும். அவள் நகர மாட்டாள். மடிக்கிறவள் நின்ற இடத்தில் நிற்க வேண்டும், கொடுக்கிறவள்தான் வர வேண்டும். அது அவள் வேலை பார்த்த சலவைக்கூடத்துச் சட்டம். வீட்டிலும் அதுதான்.

“இழுடி. சாப்பிடலையா நீ?”

“இழுத்துட்டுத்தானே இருக்கேன்.”

“இது இழுக்கறதா? பூனைக்குட்டி வாலைப் பிடிச்ச மாதிரி இருக்கு.”

பலமாக இழுத்தேன். அவள் கையிலிருந்து ஒரு முனை நழுவித் தரையில் விழுந்தது.

“போச்சு. மறுபடி துவைக்கணும். உன்னைக் கட்டி மாரடிக்கறதுக்கு நான் தனியாவே மடிச்சுக்குவேன்” என்றாள். ஆனால் விழுந்த முனையைத் தட்டிவிட்டு மறுபடி பிடித்துக்கொண்டாள். இரண்டாவது மடிப்பில், என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: “அந்த லெட்டர் எழுதிட்டியா?”

“இதை முடிச்சிட்டு எழுதறேன்மா.”

“போன ஞாயித்துக்கிழமையும் இதைத்தான் சொன்னே.”

“போன வாரம் பிரின்டர்ல மை இல்ல.”

“நான் கேட்டது மூணு வரி. மூணு வரிக்கு எதுக்குடி பிரின்டர்?”

விரிப்பை முடிப்பதற்குள் என் கைப்பேசி அடித்தது. தொழிற்சாலையில் இரண்டாவது கொதிகலனின் அழுத்தமானி நின்றுவிட்டது. நான் கருவிப் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். மானிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்ப்பதும், தவறாகக் காட்டினால் திருத்துவதும் என் தொழில். என் முனைகளை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். அதற்கடுத்த வியாழக்கிழமை அம்மா இறந்துவிட்டாள்.

அவள் இருபத்தாறு வருடம் ஒரே சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் விரிப்புகளும் உறைகளும் லாரியில் அழுக்காக வரும், மறுநாள் சுத்தமாகப் போகும். பெரிய தகரக் கூரைக் கூடம். நடுவில் மூன்று ரோலர்கள். ரோலர் என்பது நீராவியில் சூடேறிச் சுழலும் நீளமான இரும்பு உருளை. ஒரு பக்கம் இருவர் ஈர விரிப்பை உள்ளே கொடுப்பார்கள். மறுபக்கம் அது காய்ந்து, இஸ்திரியாகி வரும். அங்கே இருவர் வாங்கி மடிப்பார்கள். நால்வரில் ஒருவர் கையை எடுத்தாலும் ரோலரை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் உள்ளே இருக்கும் துணி கருகும். ஆகவே யாராவது கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் அந்த இடத்தில் உடனே போய் நிற்க ஓர் ஆள் தேவை.

அந்த ஆள் அம்மா. பதிவேட்டில் ‘மாற்றுப் பணியாளர்’. கூடத்தில் ‘ஸ்பேர்’. இளையவர்களுக்கு ‘ஸ்பேர் அக்கா’.

அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது. “லாரியே ஸ்பேர் டயர் இல்லாம ரோட்டுக்கு வராது. நான் ஒருநாள் லீவு போட்டா இங்க ஒருத்தி பாத்ரூம் போக முடியுமா? முதலாளி ஒரு மாசம் வரலன்னாலும் யாருக்கும் தெரியாது” என்பாள். மற்ற முப்பத்தேழு பெண்களின் கை வேகமும் அவளுக்குத் தெரியும். யார் இடக்கை, யார் முனையை நழுவவிடுவாள், யார் கோபம் வந்தால் வேகமாகக் கொடுப்பாள் எல்லாம். யாருடைய இடத்தில் நின்றாலும் எதிரில் இருப்பவளுக்கு வித்தியாசம் தெரியாது. எனக்கு அந்தத் திறமை இல்லை. ஒருமுறை ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். மூன்று தலையணை உறைகளைக் கருக்கினேன்.

அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். நாங்கள் ஆற்றை ஒட்டிய தெருவில் இருந்தோம். நான் படித்து, வேலை கிடைத்து, தனியாக வீடு எடுத்துப் போன பிறகும் அவள் அங்கேயே இருந்தாள். மூன்று வருடத்துக்கு முன் ஆறு ஒரே இரவில் பெருகி அந்தத் தெருவையே தின்றது. பிழைத்தவர்களுக்கு ஊரின் மறுபக்கம், மேட்டில், அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டிக் கொடுத்தார்கள். சலவைக்கூடத்துப் பெண்களில் ஏறக்குறைய எல்லோரும் ஆற்றங்கரைத் தெருக்காரர்கள்தான், அங்கே குடிபோனார்கள். மீதியிருந்த வீடுகளுக்கு நானும் விண்ணப்பித்தேன், அங்கேயே ஒன்று கிடைத்தது, என் பெயரில். அம்மா தனக்கென்று தனி வீடு கேட்காமல் என்னிடம் வந்தாள். அங்கிருந்து கூடத்துக்கு ஏழு நிமிட நடை. “வெள்ளம் செஞ்ச ஒரே நல்ல காரியம், என்னை பஸ்லேர்ந்து இறக்கி விட்டது” என்று சொல்வாள்.

வெள்ளத்துக்குப் பின் வந்தது வெயில். முன்பு இரண்டு மாதம் இருந்தது ஐந்து மாதமாக நீண்டது. வெளியே வெயில் ஏறினால் தகரக் கூரைக்கு அடியில், நீராவிக்கு நடுவில், எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. ஒருநாள் இரண்டாவது ரோலரில் மடித்துக்கொண்டிருந்த பெண் நின்றபடியே சரிந்தாள். அவளைக் கூடத்தில் நெட்டை என்று கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டுக்கு இரண்டு தளம் கீழே குடியிருக்கிறாள். அம்மாவின் நெருங்கிய தோழி.

அன்று மாலை அம்மா சொன்னாள்: “ஒரு கையில நெட்டை, ஒரு கையில பெட்ஷீட். அவளைக் கீழ போட்டா மண்டை உடையும், பெட்ஷீட்டைக் கீழ போட்டா சூப்பர்வைசர் என் மண்டையை உடைப்பான்.”

“எதைப் போட்டே?”

“ரெண்டையும் சேர்த்துப் போட்டேன். பெட்ஷீட் மேல அவளைப் போட்டேன்.”

மறுநாள் ஒரு வெப்பமானி வாங்கிக் கூடத்துத் தூணில் மாட்டினாள். ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் பார்த்து, துணிமூட்டையில் கட்டும் அட்டைகளின் பின்பக்கம் எழுதினாள். பத்து நாள் எழுதிவிட்டு, மணிக்குப் பத்து நிமிடம் ஓய்வு வேண்டும் என்று ஒரு மனு எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி நிர்வாகத்திடம் கொடுத்தாள். அது பொம்மை வெப்பமானி, தகுதி உள்ளவர் அளந்தால் பார்க்கலாம் என்றார் மேலாளர்.

“என் பொண்ணு சர்டிபிகேட் வச்சிருக்கா” என்று அம்மா சொன்னாள்.

போனேன். மதியம் இரண்டு மணி. ஆறு இடங்களில் அளந்தேன். சராசரி 36.4. அம்மாவின் வெப்பமானி இரண்டு டிகிரி கூடுதலாகக் காட்டியது, அவள் மாட்டிய தூணின் பின்பக்கம் நீராவிக் குழாய் போனது. நிர்வாகத்தின் தாளில் இருந்த உச்ச அளவு 38. அளவுகளை எழுதி, ‘அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் உள்ளது’ என்று அடியில் குறித்து, கையெழுத்திட்டு, எங்கள் நிறுவனத்தின் முத்திரை வைத்தேன். எல்லாம் அன்றே முடிந்தது.

வாசலில் அம்மா காத்திருந்தாள். “அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்மா. நீ குழாய்க்கு முன்னாடி மாட்டியிருக்கே.”

“ஆனா வேர்வை காயவே மாட்டேங்குதுடி. யூனிபார்மைப் பிழிஞ்சா சொட்டுது.”

“அது உனக்குத் தோணறதும்மா. அதை அளவுன்னு சொல்ல முடியாது.”

கொஞ்ச நேரம் என் கருவிப் பெட்டியைப் பார்த்தாள். “சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.” மறுநாள் அவளே போய் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கையெழுத்துப் போட்ட முப்பத்தேழு பேரிடமும் ‘என் பொண்ணு அளந்துட்டா’ என்று சொன்னாளாம். இதை நெட்டை பின்னால் என்னிடம் சொன்னாள்.

பதினோரு மாதம் கழித்து, என் தொழிற்சாலையில், குளிர்விப்புக் கோபுரத்துக்கு இரட்டை வெப்பமானி பொருத்திக்கொண்டிருந்தேன். இரண்டு குமிழ்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்றில் ஈரத் துணி சுற்றியிருக்கும். நீர் ஆவியாகும்போது துணி குளிரும், அந்தக் குமிழ் குறைவாகக் காட்டும். காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால் நீர் ஆவியாகாது, அளவு இறங்காது. மனித உடம்பும் இதே கணக்கில்தான் குளிர்கிறது. இது எங்களுக்கு இரண்டாம் வருடப் பாடம். தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

துணியைச் சுற்றி நூலால் கட்டிக்கொண்டிருந்தேன். வேர்வை காயவே மாட்டேங்குதுடி.

அன்று மாலை இரண்டு குமிழையும் ஒரு குச்சியில் கட்டி அம்மாவிடம் கொடுத்து, மறுநாள் மதியம் பார்த்து எழுதிவரச் சொன்னேன். எழுதி வந்தாள். காய்ந்த குமிழ் 36. ஈரக் குமிழ் 31. அந்த ஈர அளவில், கனமான வேலையை இடைவிடாமல் செய்யக் கூடாது. அவர்கள் பத்து மணி நேரம் செய்துகொண்டிருந்தார்கள். நான் அளந்த அன்றும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். “அப்போ என் யூனிபார்ம்தான் தெர்மாமீட்டர்னு சொல்லு.”

“ஆமாம்மா.”

“இதுக்கு நீ மூணு வருஷம் படிச்சே.” சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள். “தப்புன்னா தப்புன்னு எழுதிக் குடு. அவ்வளவுதானே. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா கூடம் குளுந்துடுமா?”

எழுதினேன். எங்கள் நிறுவனம் தன் முத்திரையோடு திருத்தம் போகச் சம்மதிக்க ஐந்து வாரம் ஆனது. முதல் தாளுக்கு யாரும் சம்மதம் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில் நகரசபை ஒரு வெப்ப ஓய்வு விதி கொண்டுவர இருந்தது. சூடான வேலையிடங்களில் ஈரக் குமிழ் அளவு ஓர் எல்லையைத் தாண்டினால் மணிக்குப் பதினைந்து நிமிடம் முறைவைத்து ஓய்வு, குளிர்ந்த ஓர் அறை, குடிநீர். பொதுமக்கள் கருத்துச் சொல்லும் கூட்டத்துக்கு அம்மாவும் நெட்டையும் போனார்கள். நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சலவைக்கூட மேலாளர் எழுந்து, தங்கள் கூடம் பாதுகாப்பானது என்று நிறுவனச் சான்றே இருக்கிறது என்று ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். தூரத்திலிருந்தே என் முத்திரை தெரிந்தது.

அம்மா எழுந்தாள். “சார், அதுல கையெழுத்து யாரோடதுன்னு கொஞ்சம் படிங்க.”

படித்தார்.

“என் பொண்ணு. அன்னைக்குத் தப்பா அளந்துட்டா. இந்தாங்க, அவளே திருத்தி எழுதிக் குடுத்தது.”

தலைவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “உங்க பொண்ணு தப்பு பண்ணினாங்கன்னு நீங்களே சபையில சொல்றீங்களாம்மா?”

“பெத்தவ சொல்லாம வேற யாருங்க சொல்லுவா? அவ தப்பை அவளே கண்டுபிடிச்சு அழிச்சிட்டா. இவருதான் அழிச்ச பேப்பரை இன்னும் பத்திரமா வச்சிருக்காரு.”

கூட்டம் சிரித்தது. சிலர் திரும்பி என்னைத் தேடினார்கள். அம்மா திரும்பவில்லை. நான் இருந்த இடம் அவளுக்குத் தெரியும்.

சபை இரண்டாகப் பிரிந்தது. முடிவெடுக்க முடியாமல், விதியை ஊர் மக்களின் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். ஐந்து மாதம் கழித்து, ஒரு வேலைநாளில், காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை.

கூடத்தில் வேலை நேரம் காலை எட்டிலிருந்து மாலை ஆறு. மதியம் நாற்பது நிமிடம் இடைவேளை. வாக்காளர் பட்டியலை வாங்கிப் பார்த்த அம்மாதான் முதலில் கண்டுபிடித்தாள்: வீடுகள் மேட்டுக்கு வந்துவிட்டன, பெயர்கள் வரவில்லை. எல்லோருடைய வாக்கும் இன்னும் ஆற்றங்கரைப் பள்ளியில் இருந்தது. இரண்டு பேருந்து மாற வேண்டும்.

“இடைவேளையில போயிட்டு வர முடியுமான்னு கணக்குப் போட்டுச் சொல்லு” என்றாள்.

“போக மட்டும் எழுபது நிமிஷம்மா. முடியாது.”

“இதுக்குத் தெர்மாமீட்டர் வேணாம்ல?”

அப்படி அவ்வப்போது குத்துவாள். அதில் விஷம் இருக்காது.

வாக்குப்பதிவு நாளில் இடைவேளைக்கு மேல் இரண்டு மணி நேரம் அனுமதி கேட்டாள். அப்படிச் சட்டம் ஒன்றும் இல்லையே என்றார் மேலாளர். மீதி இருந்தது ஒரே வழி. பெயர்களைக் குடியிருப்பின் சமூகக் கூடத்துச் சாவடிக்கு மாற்றிவிட்டால், அது சலவைக்கூடம் இருக்கும் தெருவிலேயே இருக்கிறது, இடைவேளையில் போய் வரலாம். பெயர் மாற்றத்துக்கு ஒவ்வொருவரும் நேரில் வர வேண்டும் என்றது தேர்தல் அலுவலகம். வேலைநாட்களில் மட்டும், பத்திலிருந்து நான்கு வரை.

முப்பத்தெட்டுப் பேரை எப்படி அனுப்புவது என்று மற்றவர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். அம்மாவுக்கு அது தினமும் செய்யும் வேலை. ஒருத்தி போவாள். அவள் இடத்தில் ஸ்பேர் நிற்பாள். வாரத்துக்கு மூன்று, நான்கு பேர்.

முதலில் போனவளைத் திருப்பி அனுப்பினார்கள், புகைப்படத்தின் அளவு தவறு. இரண்டாவதாகப் போனவளிடம் வீட்டு ஒதுக்கீட்டு ஆணையின் நகல் இல்லை. அதன்பின் அம்மா ஒருவரையும் சும்மா விடவில்லை. சாப்பாட்டு மேசையில் படிவத்தை விரித்து, விரிப்பை மடிப்பதுபோல முனைக்கு முனை பார்ப்பாள். இணைப்புகளை எண்ணுவாள். மூட்டை அட்டைகளுக்கான இரும்புக் கிளிப்பை மாட்டிக் கையில் கொடுப்பாள். அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா இருந்தார், நெற்றியில் ஒரு கண்ணாடியும் கண்ணில் ஒரு கண்ணாடியுமாக. அவர் நெட்டையிடம் கேட்டாராம்: “யாரும்மா அந்த ஸ்பேர் அக்கா? எல்லாரும் அந்தப் பேரைச் சொல்றீங்க. அவங்க அனுப்பற படிவத்துல ஒரு புள்ளி குறையல. இங்க வேலைக்கு வரச் சொல்லுங்க.”

அம்மா ஒரு வாரம் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தாள். “சொல்லி அனுப்பியிருக்கேன். அங்க யாருக்கு அவசரமா வந்தாலும் சொல்லுங்க, நான் வந்து நிக்கறேன்னு.”

ஒருத்தி அலுவலகம் போய்வர இரண்டரை மணி நேரம். அதுவரை ஸ்பேர் ஓர் இடத்தில் மாட்டிக்கொள்வதால் வேறு யாரும் நகர முடியாது. “ஓட்டுக்காக இவ்வளவு அடக்கிக்கிட்டவங்க உலகத்துலயே நாங்கதான்” என்று நெட்டை இப்போதும் சொல்லிச் சிரிக்கிறாள். அடக்க வேண்டியிருந்ததால் தண்ணீரைக் குறைத்துக் குடித்தார்கள், அந்தச் சூட்டில். அம்மாவும்தான். எனக்கு அது அப்போது தெரியாது.

பதினோரு வாரத்தில் முப்பத்தேழு பேர் முடிந்தது. அவளுடையது மட்டும் மீதி. முதலிலேயே போயிருக்கலாம். எல்லோரும் போய்விட்டு வந்தபின்தான் அவள் போவாள், அது கூடத்தில் இருபத்தாறு வருடப் பழக்கம். மற்றவர்களிடம் ஒதுக்கீட்டு ஆணை இருந்தது. எங்கள் வீடு என் பெயரில் இருப்பதால் அம்மாவின் படிவத்தோடு என் கடிதம் ஒன்று வேண்டும். ‘இவர் என் தாய். மேற்கண்ட முகவரியில் என்னுடன் வசிக்கிறார்.’ தேதி. கையெழுத்து. அவ்வளவுதான்.

முதல் ஞாயிறு, கடிதத்துக்கு முறையான மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். குடியிருப்புக்குப் பழைய எண், புது எண் என்று இரண்டு இருந்தன. எதைப் போடுவது என்று விசாரித்துவிட்டு எழுதலாம் என்று வைத்தேன். இன்னொருமுறை தவறான தாளில் கையெழுத்திட நான் தயாராக இல்லை. அம்மாவிடம் அப்படியே சொன்னேன்.

“நான் உன் கூட இருக்கறது உனக்குச் சந்தேகமா? எங்க, அளந்து பாரு” என்றாள்.

இரண்டாவது ஞாயிறு பிரின்டரில் மை இல்லை. மூன்றாவது ஞாயிறு, விரிப்பு மடித்த அன்று, கொதிகலன். பெயர் மாற்றத்துக்குக் கடைசி நாள் அந்த வார வெள்ளிக்கிழமை. வெள்ளி காலை போவதற்கு அம்மா அனுமதி வாங்கியிருந்தாள். அவள் இல்லாத நேரத்தில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை என்று கூடத்தில் பேசி வைத்திருந்தார்கள். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் நான் கொதிகலன் வேலை முடித்து வரும்போது அவள் தூங்கியிருந்தாள்.

வியாழன் காலை சாப்பாட்டு மேசையில், நான் உட்காரும் இடத்தில், ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் இருந்தன. தாளின் மேல் என் தேநீர்க் கோப்பையை வைத்திருந்தாள், பறக்காமல் இருக்க. கோப்பையை எடுத்தேன். வட்டமாகக் கறை பிடித்திருந்தது. வேறு தாளில் எழுதலாம் என்று நினைத்தேன்.

அம்மா பையைத் தோளில் மாட்டினாள். மணி ஏழு நாற்பது. “சாயந்திரம் வர்றதுக்குள்ள எழுதி வச்சிரு. உனக்குக் கை வலிச்சா சொல்லு, உன் இடத்துல நான் நின்னு எழுதறேன்” என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

மூன்றாவது தளத்துப் படித்திருப்பத்தில் உட்கார்ந்திருக்கிறாள். எப்போதும்போல அவளுக்காகக் கீழே காத்திருந்த நெட்டை, நேரமாகிறதே என்று மேலே ஏறி வந்து பார்த்தாள். அவள் போட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

இதயம் என்றார் மருத்துவர். அடைப்பு ரொம்ப நாளாகவே இருந்திருக்க வேண்டும் என்றார். அந்தக் கூடத்தின் சூடு எவ்வளவு, குடிக்காத தண்ணீர் எவ்வளவு, வயது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் அளவு இல்லை. அளவு இல்லாததைப் பேசக் கூடாது என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு ஒருமுறை அவளிடம் என்ன சொன்னேன் என்பது நினைவிருக்கிறது.

ஏழு வாரம் கழித்து வாக்குப்பதிவு. மதிய இடைவேளை மணி அடித்ததும் முப்பத்தேழு பெண்கள் சலவைக்கூட வாசலிலிருந்து சமூகக் கூடத்துக்கு நடந்தார்கள். மேலாளர் கடிகாரத்தோடு வாசலில் நின்றார். கடைசி ஆள் திரும்பியபோது முப்பத்தொன்பது நிமிடம். நான் அரை நாள் விடுப்பு எடுத்து அங்கே இருந்தேன். அலுவலர் பட்டியலில் விரலை ஓட்டி, குடிவந்தபோதே நான் மாற்றியிருந்த என் பெயரைக் கண்டுபிடித்தார். என் வீட்டு எண்ணுக்கு எதிரே ஒரு பெயர்தான் இருந்தது. அடுத்த வரி அடுத்த வீடு.

அம்மாவின் பெயர் ஆற்றங்கரைப் பள்ளிப் பட்டியலில் இருந்திருக்கும். அங்கே யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

விதி தொள்ளாயிரத்து மூன்று வாக்குகள் கூடுதலாகப் பெற்று நிறைவேறியது. அவளுடைய ஒரு வாக்கு இல்லாததால் முடிவில் ஒன்றும் மாறவில்லை. அந்தக் கழித்தலை நான் பலமுறை போட்டுவிட்டேன். மூன்று ஞாயிறுகள் அதில் கழியவில்லை.

இப்போது கூடத்தில், குழாய் போகாத ஒரு தூணில், இரட்டை வெப்பமானி தொங்குகிறது. ஈரத் துணியை மாதம் ஒருமுறை போய் மாற்றுகிறேன். மணிக்குப் பதினைந்து நிமிடம் முறைவைத்து ஓய்வு கொடுப்பதற்கு ஒரு மாற்றுப் பணியாளர் போதாது என்று ஆறு பேரை எடுத்திருக்கிறார்கள். “ஆறு ஸ்பேர்” என்றாள் நெட்டை. “ஆறு பேரையும் ஒண்ணாச் சேர்த்தாலும் உங்கம்மா ஒருத்தி வாய்க்கு ஈடு வராது.”

போன வாரம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள், அம்மாவின் பையோடு. அன்று படியில் எடுத்ததை இத்தனை நாள் தன் வீட்டில் வைத்திருந்தாள்.

“அப்பவே குடுத்திருக்கணும். எனக்குத்தான் தைரியம் வரலம்மா. நீ தப்பா நினைச்சுக்காதே.”

“உள்ளே பார்த்தீங்களாக்கா?”

“பார்த்தேன்” என்று சொல்லிவிட்டு உட்காராமல் போய்விட்டாள்.

ஒரு துண்டு. தண்ணீர் புட்டி, முக்கால் அளவு நிறைந்து. மூட்டை அட்டைகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு பட்டியல், முப்பத்தேழு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சரிக்குறி. முப்பத்தெட்டாவதாக ‘நான்’ என்று எழுதியிருந்தாள். அதற்கு எதிரே ஒன்றும் இல்லை.

அதன் அடியில் அவளுடைய படிவம், இரும்புக் கிளிப்போடு. எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. கடைசிக் கட்டத்தில், இணைப்புகளின் எண்ணிக்கை என்ற இடத்தில், மூன்று என்று எழுதியிருந்தாள். கிளிப்பைக் கழற்றி எண்ணினேன். புகைப்படம் ஒன்று. அடையாள அட்டையின் நகல் ஒன்று.